உப்பு நாட்டுக் கயிறு

அவள் அடித்து நான் கண்ணால் பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஒரு காளையையும் சேர்த்தால் பத்து. கேள்விப்பட்டதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் குளச்சல் கடற்கரையில் அவளிடம் அடிபடாதவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருக்கும்.

மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் பேசும், பிறகு கை ஓங்கும். அவளுக்குக் கைதான் முதலில். அடித்து முடித்து, மூச்சு வாங்கிய பிறகுதான் காரணம் சொல்வாள். அந்தக் காளை விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. தக்கலை ரோட்டில் ஒரு வண்டிக்காளை அவளுடைய மீன் கடவத்தில் காலை வைத்துவிட்டது. கடவம் என்பது பனையோலையில் முடைந்த பெரிய கூடை. அவள் ஒன்றும் பேசாமல் முஷ்டியை மடக்கி இரண்டு கொம்புக்கும் நடுவே ஒரு குத்து விட்டாள். காளை முன்னங்காலை மடித்து மண்டியிட்டது. வண்டிக்காரன் பதறி இறங்கி, எதற்கு அடித்தாய் என்று கேட்டான். கேட்டதற்கு அவனுக்கும் ஒன்று விழுந்தது.

நெடுநெடுவென்று உயரம். தினமும் தலைச்சுமை சுமந்து உச்சி மயிர் தேய்ந்திருந்தது. இடது காது கிழிந்து இரண்டு துண்டாகத் தொங்கியது. யார் கிழித்தது என்று கேட்கும் துணிவு எனக்குக் கடைசிவரை வரவில்லை. இடுப்பில் முன்பக்கம் மீன் அறுக்கும் பிச்சாத்திக் கத்தி, பின்பக்கம் திருக்கைவால். திருக்கை மீனின் வாலை அறுத்துக் காயவைத்து, எண்ணெய் பூசிப் பழக்குவார்கள். மூன்று முழம் இருக்கும். தோலெல்லாம் நுண்ணிய முள். அது பட்ட இடத்தில் சதை அதனோடு கொஞ்சம் வந்துவிடும்.

சென்ற மாதம் மருமகன் வீட்டுத் தொலைக்காட்சியில் வடதுருவத்தைப் பற்றி ஒரு படம் காட்டினார்கள். கலரில், நல்ல தெளிவாக இருந்தது. பனி நீலமாகக்கூட இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேரப்பிள்ளைகள் நடுவில் விளம்பரம் வந்தபோது எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை. நான் மட்டும் கடைசிவரை பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, காது கிழிந்த ஒருத்தி எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து திரையை வைதுகொண்டிருந்ததைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

அவளை நான் கண்டது பேசாத படங்களின் கடைசிக் காலத்தில். எனக்கு இருபத்திரண்டு வயது. கடற்கரைக்கு அருகே ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியார். கோட்டாற்றிலிருந்து ஒரு சாயபு படம் காட்டும் யந்திரத்தோடு குளச்சலுக்கு வந்திருந்தார். ஆடி மாதம், கடல் கொந்தளித்துக் கிடந்தது. மழையில் கொப்பரை வரத்து இல்லாததால் சரக்கு வைக்கும் கிட்டங்கி ஒன்று காலியாக இருந்தது. அதை வாடகைக்குப் பிடித்து, கதவு ஜன்னலையெல்லாம் சாக்கால் அடைத்து, பகலிலேயே படம் ஓட்டினார். வெளியே எண்ணெய் இன்ஜின் கடகடக்கும். உள்ளே கொப்பரை நாற்றமும் புழுக்கமும். நாலு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்ததுதான் திரை. படத்தில் இடையிடையே இங்கிலீஷில் எழுத்து வரும். அதை வாசித்துத் தமிழில் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமைகளில் அந்த ஆள் நான். கையில் ஒரு பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நிற்பேன்.

சாயபுவிடம் மூன்று படங்கள் இருந்தன. இரண்டு, குதிரையில் துரத்திச் சண்டை போடுகிறவை. மூன்றாவது, எங்கோ ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது. அதன் முதல் சுருள் தொலைந்து போயிருந்ததால் பெயர்கூடத் தெரியாது. பூமியின் உச்சியில், மரமே முளைக்காத பனிக்கரையில் வாழும் நாலைந்து குடும்பங்களின் ஒரு வருஷத்தை எவனோ ஒருவன் போய்க் கூடவே இருந்து பிடித்திருந்தான். கதையும் கிடையாது, வில்லனும் கிடையாது. முதல் நாள் ஜனங்கள் சண்டை எப்போது வரும் என்று சாயபுவைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சண்டை இருந்தது. ஆனால் மனிதனோடு மனிதன் போடும் சண்டை இல்லை. வண்டி இழுக்கும் நாய்கள் ஒன்பது. ஒரு துண்டு இறைச்சிக்காக அவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குதறும். வண்டிக்காரன் நீளமான சாட்டையால் விளாசுவான். அடுத்த காட்சியில் நாய்கள் எட்டுதான் இருக்கும். அந்த ஒன்பதாவது நாய் என்ன ஆயிற்று என்று எழுத்தும் வராது. எனக்கு அது பெரிய உறுத்தல். ஒவ்வொரு தடவையும் எண்ணுவேன், ஒவ்வொரு தடவையும் எட்டு. ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன்வரிசையிலிருந்து அவள் பதில் சொன்னாள்.

"தின்னிருப்பாவ சாரே. பசிச்சா எண்ணம் பாப்பாவளா?"

அப்படித்தான் எனக்கு அவளைப் பழக்கம். அதற்கு முந்தைய வாரம், கடவத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரும்படி சொன்ன வாசல்காரனை, கடவத்திலிருந்து ஒரு வாளைமீனை உருவி அதனாலேயே கன்னத்தில் அறைந்திருந்தாள். மீனுக்குச் சேதமில்லை. அதன்பிறகு கடவமும் அவளோடு உள்ளே வந்து உட்கார்ந்தது.

பனியை அங்கே யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, புத்தகத்தில் படித்ததுதான். தண்ணீர் உறைந்து கல்லாகக் கிடக்கிறது என்று நான் சொன்னதும் கிட்டங்கி முழுக்கச் சிரித்தது. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளையாகக் கிடந்தால் அது என்னவென்று அந்தக் கரையில் பிறந்த எவனுக்கும் தெரியும். உப்பு. புத்தளத்து உப்பளம் இன்னும் பெரிதாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். உப்பைப் பாளமாக அறுத்து வீடு கட்டுகிறார்கள், உப்பின்மேல் வண்டி ஓட்டுகிறார்கள், உப்பைத் தோண்டி அடியில் மீன் பிடிக்கிறார்கள். உப்புக்குச் சர்க்கார் காவல் போட்டிருந்த காலம். அவ்வளவு உப்பும் காவல்காரன் இல்லாமல் கிடப்பதைப் பார்த்து ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கு மட்டும் அந்த மக்கள்மேல் ஒரு குறை உண்டு. இம்புட்டு உப்பு கிடந்தும் இறைச்சியைப் பச்சையாகத் தின்கிறார்களே, கருவாடு போடத் தெரியாத சவங்கள் என்பாள்.

ஆனால் மூன்றாம் வாரம் ஆனபோது சண்டைப் படங்களை நிறுத்திவிட்டு இதையே ஓட்டும்படி கேட்கத் தொடங்கினார்கள். காரணம் ஒரு காட்சி.

யானையைப் போல இரண்டு தந்தம் உள்ள ஒரு கடல் மிருகம். நான் கடல்யானை என்று பெயர் வைத்திருந்தேன். ஒருவன் பனி விளிம்பில் பதுங்கிப் போய் எறியீட்டியால் குத்துவான். ஈட்டியில் தோல்கயிறு. மிருகம் தண்ணீருக்குள் பாயும். அவன் கயிற்றை இடுப்பில் சுற்றி, மல்லாந்து விழுந்து, ஒரு பனிமேட்டில் இரண்டு குதிகாலையும் ஊன்றிக்கொள்வான். அது இழுக்க, அவன் வில்லாக வளைவான். முகம் கோணும். தண்ணீர் கறுப்பாகக் கொதிக்கும். படத்தில் ரத்தம் கறுப்பாகத்தான் தெரியும். அப்போது தூரத்திலிருந்து ஜனங்கள் ஓடி வருவார்கள். வந்தவரெல்லாம் கயிற்றில் கை வைப்பார்கள். மொத்தம் பதின்மூன்று பேர். இழுத்து இழுத்து அந்த மலையைப் பனிமேல் ஏற்றி, ஈட்டியால் குத்திக் குத்திக் கொல்வார்கள். உயிர் சாமானியத்தில் போகாது. பிறகு ஒரு கிழவி பிறைபோல வளைந்த கத்தியால் வயிற்றைக் கிழிப்பாள். அங்கேயே துண்டு போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பாள். தானும் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு, வாயெல்லாம் கறுப்பாக, நம்மைப் பார்த்துச் சிரிப்பாள். அடுத்து எழுத்து வரும். கயிற்றைத் தொட்டவர் எல்லோருக்கும் இறைச்சி என்று நான் வாசிப்பேன்.

இது எங்கள் கரைமடிதான் என்று கிட்டங்கியே கத்தும்.

கரைமடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தப் பெருங்கயிற்றுக்குக் கம்பா என்று பெயர். கம்பா ஒன்றுக்குப் பதினெட்டு ஆள். இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணி, மீன் முழுக்கப் போய்விடும். வலையின் நடுப்பையான மடி கரை ஏறும்போது கம்பாவில் எவன் கை இருக்கிறதோ அவனுக்கு ஒரு கூறு மீன். எந்த ஊர்க்காரன், எந்தச் சாதி என்றெல்லாம் கேள்வி இல்லை. கைதான் கணக்கு.

இன்னொரு நடைமுறையும் உண்டு. வலைக்குச் சொந்தக்காரரை மடிக்காரர் என்பார்கள். அவருடைய மச்சினன் கயிற்றுத் துண்டோடு பின்னால் நடப்பான். தளர்ந்தவன் முதுகில் வீசுவான். கம்பா கையில் இருக்கும்வரை அடிபட்டவன் திருப்பி அடிக்கக் கூடாது. கூறு வைத்த பிறகு இருவரும் சமம். எத்தனை வாங்கினானோ அத்தனையைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒன்று கூடினால் ஊர் கேட்கும். பெரும்பாலும் எவனும் கொடுப்பதில்லை. நாளைக்கும் கம்பா பிடிக்க வேண்டும் அல்லவா?

கைதான் கணக்கு என்றேன். பெண்ணின் கை அந்தக் கணக்கில் இல்லை. பெண் கம்பாவைத் தொட்டால் வலை கிழியும், கடல் வற்றும் என்று நம்பிக்கை. பெண் மீனைச் சுமக்கலாம், அறுக்கலாம், விற்கலாம். கயிற்றைத் தாண்டிப் போக வேண்டுமென்றால்கூடச் சுற்றித்தான் போக வேண்டும்.

ஒருநாள் படம் நடுவில் அறுந்துவிட்டது. அடிக்கடி அறுகிற படம்தான். சாயபு ஒட்டிக்கொண்டிருந்தார். சாக்கை விலக்கியதும் வெளிச்சம் வந்தது. அவள் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பதின்மூன்று பேரில் பெண்கள் எத்தனை என்று கேட்டாள். ஐந்து என்றேன். கிழவியைச் சேர்த்தா என்றாள். சேர்த்து என்றேன். பிறகு மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்க கைய நாந்தான் ஒடிச்சேன் சாரே."

தை மாதத்தில் நடந்திருக்கிறது. ஒருநாள் அவர் தன் கூற்றைக் கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறார். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் பட்டினி. துடுப்பு கையில் அகப்பட்டது, வீசிவிட்டாள். வலது மணிக்கட்டு. வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் எண்ணெய் வார்த்துக் கட்டினார். எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. மடங்காத கையால் கம்பா பிடிக்க முடியாது. அன்றிலிருந்து வீட்டுக்குக் கூறு இல்லை. அவள் சுமந்து விற்றது மற்றவர் மீன், கிடைத்தது சுமைகூலி. கூறு இருந்தால்தான் அடுப்புக்கு மீன், மிச்சத்தை விற்றுக் கப்பைக்கிழங்கு. ஒருநாள் பட்டினிக்காக வீசிய வீச்சு, ஆறு மாதப் பட்டினியாகத் திரும்பி வந்திருந்தது.

அந்தக் கணவரை எனக்குத் தெரியும். சிறிய உருவம், மெல்லிய குரல். வள்ளத்து நிழலில் உட்கார்ந்து இடது கையால் கயிறு சுருட்டிக்கொண்டிருப்பார். சுருள் ஒவ்வொன்றும் ஒரே அளவாக இருக்கும். யாராவது கையைப் பற்றிக் கேட்டால், விழுந்துவிட்டேன் என்பார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை அவர் ஒருவர்தான் மறைத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய யோசனை எளிமையானது. அந்தக் கையை ஒடித்தது அவள் கை. அந்த இடத்தில் அவள் கை போக வேண்டும். மடிக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர்தான். பெண்களைக் கம்பாவில் விட்டால் மற்றவர்கள் கையை எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போதுதான் இந்தப் படம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் மடிக்காரரையும் மச்சினனையும் கம்பாக்காரர்களில் இருபது பேரையும் கிட்டங்கிக்கு அழைத்து வந்தாள். எப்படி அழைத்தாள் என்று தெரியாது. ஒருவனுக்கு உதடு வீங்கியிருந்தது. கடல்யானையை இழுக்கும் காட்சியில் எழுந்து நின்று, எழுத்தை இன்னொரு தடவை வாசிக்கும்படி சொன்னாள். வாசித்தேன். பெண்கள் யார் யார் என்று பிரம்பால் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அங்கேதான் சிக்கல் வந்தது. அந்த ஊரில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி தோல்சட்டையும் தோல்கால்சட்டையும் போட்டிருந்தார்கள். மச்சினன் அதைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் பெண்களே இல்லை, மீசை முளைக்காத ஆண்கள், வாத்தியாருக்குக் கண் தெரியவில்லை என்றான்.

"பிள்ளைய முதுகில கெட்டிட்டு இழுக்காளே, அது ஆம்பிளையாலே?" என்றாள் அவள்.

"அந்த நாட்டில ஆம்பிளைதான் பெறுவான்போல," என்று மச்சினன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் அடுத்ததையும் சொன்னான். "உனக்கு எதுக்குட்டி கம்பா? புருசன் கைய ஒடிக்க ஒரு துடுப்பு போதாதா?"

திருக்கைவால் எப்போது இடுப்பிலிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. முதல் வீச்சு அவனுக்கு. இரண்டாவது, அவன் குனிந்துவிட்டதால், திரைக்கு. மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. கிழவி அப்போதுதான் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் நடுவே பிளந்து இரண்டு பக்கமும் தொங்கியது. அதன்பிறகு இருட்டில் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவன் என் பிரம்பைப் பிடுங்கி அதனாலேயே என்னை அடித்தான். மச்சினனும் அவளும் கட்டிப் புரண்டது மட்டும், கிழிசல் வழியாக யந்திரத்து வெளிச்சம் போனதில் தெரிந்தது. அவன் அவளுடைய தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் அவன் தோளில் பல்லைப் பதித்திருந்தாள். விலக்கிவிட்டபோது நாலு பெஞ்சு, ஒரு அரிக்கன்விளக்கு, என்னுடைய கடைவாய்ப்பல் ஒன்று உடைந்திருந்தன. சாயபு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். திரையின் முன்னால்போய் மன்றாடியிருந்தால் தானும் ரெண்டாகக் கிழிந்திருக்க வேண்டியது என்றார்.

மறுநாள் நெற்றியில் கட்டோடு வந்தாள். திரையை மடியில் போட்டுக்கொண்டு, வலைமுடியும் ஊசியாலும் வலைநூலாலும் தைத்தாள். கிழித்த கைதானா இது என்று இருந்தது. அதன்பிறகு எப்போது படம் ஓடினாலும் அந்தத் தையல் பனியின் நடுவே நேராகப் போகும். புதிதாக வந்தவர்கள் அதை அந்த நாட்டு ரோடு என்று நினைத்தார்கள்.

தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்த பிறகு சொன்னாள். ஆவணி பிறந்து கடல் தெளிந்தால் முதல் மடிக்கு நான் வர வேண்டும். என்னை எதற்கு என்று கேட்டேன்.

"நீரு நாயக்கூட எண்ணுவீரே. வந்து கைய எண்ணும்."

போனேன். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார்த்திருந்தேன்.

விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சாளை மீன் கூட்டம் கரையை ஒட்டி வந்திருந்தது. தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறிக் கிடந்தது. வடக்குக் கம்பாவில் பதினெட்டு ஆள். தெற்குக் கம்பாவில் பதினேழு. குறைந்த ஒன்று அவளுடைய கணவரின் இடம். அவர் வழக்கம்போல வள்ளத்து நிழலில் இருந்தார். மடி பாதி தூரம் வந்தபோது அவள் கடவத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக நடந்துபோய்த் தெற்குக் கம்பாவின் வால்நுனியைப் பிடித்தாள். பிடித்ததோடு நிற்கவில்லை. அதை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள். மல்லாந்து சாய்ந்து, இரண்டு குதிகாலையும் மணலில் புதைத்தாள். படத்தில் பார்த்தது அப்படியே.

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கையை எடுத்தார்கள். உடனே வடக்குப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. வலை கோணுகிறது. மடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, கையை எடுக்காதே, இழு, இழு என்று கத்தினார். ஆடி முழுக்கக் கஞ்சி குடித்த ஊர் அது. சாளைக் கூட்டத்தை விட்டுவிட்டு ஒருத்தியைத் தூக்கி எறிய யாருக்கும் நேரமில்லை. கையை எடுத்தவர்கள் மறுபடி பிடித்தார்கள்.

மச்சினனுக்கு மட்டும் கை காலியாக இருந்தது. கயிற்றுத் துண்டை ஈரமணலில் தோய்த்துக்கொண்டு அவள் பின்னால் வந்தான். "விடுட்டி," என்றான். அவள் விடவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். நானாக எண்ணவில்லை, அது என் சுபாவம். மூன்றாவதில் ரவிக்கை கிழிந்தது. ஐந்தாவது, கிழிந்த காதில் பட்டது. ரத்தம் கழுத்தில் இறங்கியது. படத்தில் பார்த்ததுபோலக் கறுப்பாக இல்லை, நல்ல சிவப்பு. எட்டாவதில் அவள் ஒருபக்கமாகச் சரிந்து, முகம் மணலில் பட்டது. கயிறு அவளை இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனது. மறுபடி குதிகாலை ஊன்றினாள். இடுப்பில் திருக்கைவால் செருகியிருந்தது. அதை எடுப்பதற்குக் கையை விட வேண்டும். அவள் கையை விடவில்லை. அவள் அடிக்காமல் இருந்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். பதினொன்று. அதன்பிறகு மடி கரை ஏறிவிட்டது.

வெள்ளிக் குன்றாகச் சாளை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். மடிக்காரர் தம் பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கூறு கூறாக மணலில் வைத்துக்கொண்டே போனார். வைத்து முடித்துக் கையைத் துடைத்தார். அவள் மணலில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"சாரே, கூறு எத்தர?"

"முப்பத்தஞ்சு," என்றேன்.

"கை?"

மச்சினன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு இன்னும் முப்பத்தொரு பல் இருந்தது. ஆனால் கூட்டுத்தொகையை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. முப்பத்தாறு என்றேன்.

மடிக்காரர் நெடுநேரம் மணலைப் பார்த்தார். கம்பாவில் இருந்த கைக்குக் கூறு இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், நாளைக்கு எந்தக் கைக்கும் அதைச் சொல்லலாம். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. கடைசியில் அவர் தம் பங்கிலிருந்து அள்ளி முப்பத்தாறாவது கூற்றை வைத்தார். வழக்கப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டது அவளுடைய கணவரின் பெயரை. அவர் தேடிக் கண்டுபிடித்த வழி அது. நல்ல வழிதான். மீனும் போய்ச் சேரும், பெண் கம்பா பிடித்ததாகவும் ஆகாது.

வள்ளத்து நிழலிலிருந்து அந்தச் சிறிய மனிதர் எழுந்து வந்தார். மடங்காத வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

"எனக்க கை கம்பாவில இல்ல, மடிக்காரரே. இது ஒடிஞ்ச கை. இவதான் ஒடிச்சா. பிடிச்சவளுக்க பேரச் சொல்லிக் குடும்."

அவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்ததை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, அவர் வள்ளத்துக்குத் திரும்பவில்லை. அங்கேயே நின்றார். மடிக்காரர் அவளுடைய பெயரைச் சொன்னார். அந்தக் கரையில் கூறுக்காக ஒரு பெண்ணின் பெயர் கூப்பிடப்பட்டது அன்றுதான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் கையை ஒடித்துவிடுவதாகப் பின்னொரு நாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்யாமல் விட்டவள் இல்லை.

அவள் எழுந்து, கூற்றை வாரிக் கடவத்தில் போட்டாள். ஒரு மீன்கூட மணலில் விடவில்லை. கடவத்தை ஓரமாக வைத்தாள். பிறகு திருக்கைவாலை உருவினாள்.

மச்சினனுக்கு நடைமுறை தெரியும். கயிற்றுத் துண்டைக் கீழே போட்டுவிட்டு, சட்டையில்லாத முதுகைக் காட்டி நின்றான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றும் நிதானமாக, தனித்தனி இடத்தில் விழுந்தது. நாலாவதிலேயே அவன் முழங்கால் மடங்கியது. ஏழாவதில் முனகினான். எட்டு, ஒன்பது. பத்தாவதில் அவன் கையை மணலில் ஊன்றினான். முதுகிலிருந்து சொட்டிய இடத்தில் நண்டுகள் வந்துவிட்டன.

அவள் நின்றாள். அவன் தலையைத் திருப்பாமலே சொன்னான், "ஒண்ணு பாக்கி இருக்குட்டி."

"அது உனக்குள்ளதில்ல," என்றாள்.

நேராகக் கணவரிடம் நடந்து வந்தாள். திருக்கைவாலை அவருடைய இடது கையில் வைத்து விரல்களை மூடினாள். திரும்பி, தன் முதுகை அவருக்குக் காட்டி நின்றாள். துடுப்பால் அவருக்கு அவள் கொடுத்ததும் ஒன்றுதான். ரவிக்கை கிழிந்து, காதில் பட்டதுபோகப் பத்துத் தடமும் வீங்கிச் சிவந்து கிடந்தது. இன்னொன்றுக்கு அதில் இடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காக்கைகள் மட்டும் கூறுகளுக்கு நடுவே குதித்துக்கொண்டிருந்தன. அவர் அந்த வாலைப் பார்த்தார். ரத்தத்தை வேட்டியில் துடைத்தார். வள்ளத்து நிழலில் கயிறு சுருட்டுவதுபோலவே, இடது கையாலேயே, ஒரே அளவுச் சுருளாக அதைச் சுருட்டினார். கடவத்தில், சாளைக்கு மேலே வைத்தார்.

"தூக்குட்டி," என்றார். "சந்தைக்கு நேரமாச்சு."

கடவத்தைத் தலையில் ஏற்றிவிட இரண்டு கை வேண்டும். அவரிடம் ஒன்றுதான் இருந்தது. மறுபக்கத்தை நான் போய்ப் பிடித்தேன்.